நான் தேர்ந்தெடுத்த பேட்டரி நல்ல பேட்டரிதான்

முதலில் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். நான் தேர்ந்தெடுத்த பேட்டரி நல்ல பேட்டரி. முழுசாக ஐந்து வருஷம் உழைத்தது. இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் எங்கள் குடும்பத்தில் பதினான்கு பேர் இருக்கிறார்கள் (போன வாரம் எண்ணிப் பார்த்தேன், கைக்குழந்தையைச் சேர்க்கவில்லை). அவர்களில் ஒருவர்கூட அந்த ஐந்து வருஷத்தைச் சொல்வதில்லை. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

எண்ணுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள கோளாறு. கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன் தூண்களைப் பார்ப்பேன். வில்லாபுரத்து வீட்டிலிருந்து நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் எத்தனை மிதி என்று இன்றைக்கும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. எண்ணிவிட்டால் தப்பு நடக்காது என்று அப்போது நம்பினேன். எண்பத்தொரு வயதாகியும் கொஞ்சம் நம்புகிறேன். கதவைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு எனக்கு வயது இருபத்துநாலு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். என் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் வடக்கு வெளி வீதியில் வக்கீலாக இருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவது அவரைத்தான். கொடைக்கானல் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது, அவருடைய ஸ்போர்ட்ஸ் காரை மாமா வாங்கிவிட்டார். பச்சை நிறம், நீள மூக்கு, இரண்டே ஸீட், கூரை கிடையாது. மாமாவுக்கு இரட்டை நாடிச் சரீரம். அவர் அதில் உட்கார்ந்தால் ஊறுகாய் ஜாடியில் பூசணிக்காயைத் திணித்த மாதிரி இருக்கும். (அவர் இருந்தவரை இதை நான் சொன்னதில்லை.)

கொட்டகையில் பல மாதம் சும்மா நின்றதில் பேட்டரி செத்துப்போயிற்று. மாமா ஒருநாள் வண்டியின் மூக்கில் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்பப் பார்த்தார். கைப்பிடி திருப்பி அடித்தது. பதினோரு நாள் கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கைப்பிடியைக் கண்ணில் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மாமாவுக்கு ஒரே மகள், கோமதி. அவளை எனக்குக் கொடுக்கும்படி எங்கள் வீட்டில் கேட்டிருந்தார்கள். திருச்சியிலிருந்து ஒரு ஓவர்சியர் ஜாதகமும் வந்திருந்தது. இரண்டு ஜாதகத்தையும் மாமா மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார். போகும்போதெல்லாம் எது மேலே இருக்கிறது என்று பார்ப்பேன். ஏழு தரம் போனதில் ஐந்து தரம் திருச்சி.

எட்டாவது தரம் போனபோது மாமா கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மாப்ள, நீ சயின்ஸ் வாத்தியாரு. நம்பிக்கையான பேட்டரியாப் பாத்துப் போட்டு இந்த வண்டிய ஓட வச்சுரு. விஜயதசமியன்னிக்கு இதுலயே நான் வில்லாபுரம் வந்து, உங்க ஆத்தாகிட்டத் தாம்பூலம் மாத்திக்கிறேன்."

"ஓடலைன்னா மாமா?"

"திருச்சிக்கு ரயிலு இருக்குல்ல."

அன்றைக்கு விஜயதசமிக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது.

சிம்மக்கல்லில் காதர் பாய் என்பவர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்தார். நான் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று பேட்டரிகளைக் காட்டினார். ஒன்று, பழைய பஸ் பேட்டரிக்குப் புதுத் தகடு போட்டது. இன்னொன்று, டூரிங் சினிமாக் கொட்டகைக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. மூன்றாவது, பட்டணத்திலிருந்து வைக்கோல் சுற்றி ரயிலில் வந்த புத்தம் புதுசு.

"புதுச எடுத்துக்கங்க சார். முடிஞ்சது வேலை" என்றார் பாய்.

எனக்கு எப்படி அவ்வளவு சுலபமாக முடியும்? புதுசு என்பதற்காக ஒன்றை நம்புவது விஞ்ஞானம் ஆகாது என்றேன். ஒவ்வொரு அறையிலும் எத்தனை தகடு இருக்கிறது என்று எண்ண வேண்டும் என்றும் சொன்னேன்.

"மூடி போட்ட பேட்டரிக்குள்ள எப்படி சார் எண்ணுவீங்க? வயித்தக் கிழிச்சுத்தேன் புள்ளையப் பாப்பாகளா?"

பழையது ஒன்றைப் பிளந்து போட்டிருந்தார். அதில் எண்ணிப் பார்த்தேன். அறைக்குப் பதினொன்று. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்திலிருந்து நான் கோமதியையும் மறந்தேன், ஓவர்சியரையும் மறந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு தகடு, காப்பிப்பொடி நிறத்தில் ஒரு தகடு, நடுவில் மெல்லிய மரச்சீவல். இவ்வளவுதான் உள்ளே இருக்கிறது. இது எப்படி ஒரு காரைத் தூக்கி எழுப்புகிறது? பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன், பையன்களுக்குப் படம்கூடப் போட்டிருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பாய் கடைக்குப் போய்விடுவேன். ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் ஆசிட்டை உறிஞ்சினால் உள்ளே ஒரு சின்ன மிதவை எழும்பும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு சார்ஜ். மூன்று பேட்டரி, ஆறு ஆறு அறைகள், நாளைக்குப் பதினெட்டு அளவு. எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். சார்ஜ் ஏறும்போது மூடியைத் திறந்து காதை வைத்தால் உள்ளே அரிசி வேகிற மாதிரி சளசளவென்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே அரைமணி உட்கார்ந்திருப்பேன். என் வேட்டியில் ஆசிட் பட்டு ஒன்பது ஓட்டை விழுந்தது. அம்மா பூச்சி அரித்துவிட்டதென்று பெட்டியெல்லாம் வேப்பிலை போட்டாள்.

பஸ் பேட்டரி எப்படி உழைக்கும் என்று நேரில் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினேன். எத்தனை தரம் பேட்டரியில் கிளம்புகிறது என்று எண்ணுவது திட்டம். வழியில் ஒன்பது இடத்தில் வண்டி நின்று அணைந்தது. ஒன்பது இடத்திலும் கிளீனர் இறங்கிக் கைப்பிடியைச் சுற்றினான்.

"ஏண்ணே, பேட்டரி எதுக்கு இருக்கு?" என்று கேட்டேன்.

"ஹாரனுக்குத்தேன்" என்றார் டிரைவர். "அம்புட்டுக்கும் அதைப் போட்டா செத்துப் போகும்ல."

நோட்டில் பஸ் பேட்டரிக்கு நேராகப் பூஜ்யம் போட்டேன். டூரிங் கொட்டகைப் பேட்டரியில் நாலாவது அறை சார்ஜை ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. கடைசியில் புதுசைத்தான் எடுத்தேன். பாய் முதல் நாளே சொன்னதுதான். நான் கண்டுபிடிக்கப் பதினெட்டு நாளும் முந்நூற்று இருபத்துநாலு அளவும் ஆயிற்று.

"மாஷா அல்லா. இம்புட்டு ஆராய்ச்சி பண்ணிப் பேட்டரி வாங்குன ஆளு மதுரையிலேயே நீங்கதான்" என்றார் பாய். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பேட்டரியை ஆயுத பூஜையன்று மாமா வீட்டில் சேர்த்தேன். சட்டப் புத்தகங்கள், மைக்கூடு, அரிவாள்மணை இவற்றின் நடுவே மணைமேல் ஏற்றி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிவரை யாரும் தொடக்கூடாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வில்லாபுரத்தில் தாம்பூலம் மாற்றியாக வேண்டும். எட்டரைக்குப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஸீட்டைத் தூக்கிப் பலகையைக் கழற்றினால் அடியில் அதற்கான பள்ளம். பேட்டரியின் தலையில் இரண்டு ஈயக் குமிழ்கள் உண்டு. பாசிட்டிவ் குமிழுக்குக் கம்பெனியிலேயே சிவப்புச் சாயம் பூசியிருப்பார்கள். பக்கத்தில் கூட்டல் குறியும் இருக்கும். பார்த்தேன். ஒரு குமிழ் சிவப்பு. இன்னொன்றின்மேல் கெட்டியாகச் சந்தனம். குறிகள் இரண்டும் சந்தனத்துக்கு அடியில் போயிருந்தன. துடைத்துப் பார்க்கலாம் என்று கை போயிற்று. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது, கோமதி கையால் வைத்த பொட்டாகவும் இருக்கலாம், அதை அழிப்பதா என்று கையை இழுத்துக்கொண்டேன். காரில் சிவப்பு நாடா சுற்றிய கம்பியைச் சிவப்புக் குமிழில் மாட்டினேன்.

மாட்டும்போது ஒரு சின்னச் சங்கடம். கம்பி முனையிலிருந்த ஒரு கிளாம்பு குமிழில் தொளதொளவென்று ஆடியது. இன்னொன்று இறங்கவே மாட்டேன் என்றது. புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தி யோசித்திருப்பான். நான் ஆடியதற்குத் தேயிலைப் பொட்டலத்து ஈயத்தாளை ஏழு மடிப்பு மடித்துச் செருகினேன். இறங்காததை அரம் வைத்து ராவினேன். நம் சாமர்த்தியம் யாருக்கு வரும் என்றுகூட நினைத்தேன்.

மாமா பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து வண்டிக்குள் தம்மை இறக்கிக்கொண்டார். "மாப்பிள்ளை கூட வாரது முறையில்ல. ஆனா பேட்டரிக்கு ஆளு வேணும். ஏறு" என்றார். தாம்பூலத் தட்டு என் மடியில். ஸ்டார்ட்டரை அமுக்கினார். முதல் அமுக்கிலேயே வண்டி சீறிக் கிளம்பியது. வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

எதிரே அம்மீட்டர் இருந்தது. பேட்டரியிலிருந்து கரண்டு போனால் முள் இடது பக்கம் சாய வேண்டும், ஏறினால் வலது பக்கம். பரிசோதனைக்காக விளக்கைப் போட்டேன். முள் வலது பக்கம் சாய்ந்தது.

"என்ன மாப்ள இது? வெளக்கப் போட்டா சார்ஜு ஏறுதுன்னு காட்டுது?"

இந்த இடத்தில் நான் ஒரு விஞ்ஞான வாத்தியார் என்பதை வாசகர்கள் மறந்துவிட்டால் நல்லது.

"உசத்தியான பேட்டரி மாமா. அதோட பலம் அப்படி" என்றேன்.

மாமா சந்தோஷமாக வண்டியை விட்டார். என்ஜினோடு சுற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ மெதுவாகச் சுற்றுகிறவரை ஒன்றும் ஆகவில்லை. கீழ வெளி வீதி அகலமாக இருந்ததால் மாமா வேகத்தைக் கூட்டினார். வேகம் கூடினால் டைனமோவின் கரண்டு பேட்டரிக்குப் போகிற வழி தானாகத் திறக்கும். திறந்தது. பேட்டரியில் கம்பிகள் இடம் மாறி மாட்டியிருந்ததால் அதுவும் டைனமோவும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு கம்பிகளைக் காய்ச்சின. முதலில் ரப்பர் கருகிய வாடை. பிறகு அம்மீட்டருக்குப் பின்னாலிருந்து புகை. பிறகு உருகிய கம்பி எங்கேயோ ஒட்டிக்கொள்ள, ஹாரன் தானாக ஊத ஆரம்பித்தது.

மாமா வண்டியை நிறுத்தினார். என்ஜின் நின்றது. ஹாரன் நிற்கவில்லை. பேட்டரிக் கம்பியைக் கழற்றினால் நிற்கும், ஆனால் பேட்டரி பலகைக்கு அடியில், பலகைமேல் மாமாவின் ஸீட். அவரோ எழுந்திருக்க முடியாமல் ஸ்டியரிங் சக்கரத்துக்கும் ஸீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டது.

"அண்ணே, வண்டி வேகுது" என்றார் ஒரு ஜட்கா வண்டிக்காரர்.

"தட்டு வச்சிருக்காகல்ல. ஊர்கோலமா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு அம்மாள் நல்லெண்ணத்தில் முழுக்குடத்தையும் கவிழ்த்தாள். பாதி புகையின்மேல் விழுந்தது, மீதி தாம்பூலத்தின்மேல். மாமாவை வெளியே இழுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். ஹாரன் ஆறு நிமிஷம் ஊதியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பத்தரை தாண்டிவிட்டது. ஒரு ஜோடி மாடு காரை இழுத்துவர, நாங்கள் ஜட்காவில் வீடு திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் மாமா மேஜைக்குப் போய்த் திருச்சி ஜாதகத்தை எடுத்துப் பிரித்தார்.

சொல்லி அனுப்பியதும் காதர் பாய் வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். என் ஈயத்தாளைப் பார்த்தார். அரம் போட்ட கிளாம்பைப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, பாசிட்டிவ் குமிழத் தடியாவும் மத்தத ஒல்லியாவும் கம்பெனிக்காரன் வச்சது அழகுக்கா?" என்று கேட்டுக்கொண்டே கட்டைவிரலால் சந்தனத்தைத் துடைத்தார். அடியில் பளிச்சென்று சிவப்புச் சாயம். அடுத்த குமிழைத் துடைத்தார். விரலெல்லாம் குங்குமம். அடியில் வெறும் ஈயம்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கோமதியின் குரலை நான் பக்கத்தில் கேட்டது அதுதான் முதல் தரம்.

"பொட்டு வச்சது நாந்தேன்பா. ஒண்ணு முன்னாடியே செவப்பா இருந்துச்சு. அதுமேல குங்குமம் வச்சா எப்படித் தெரியும்? அதான் அதுக்குச் சந்தனத்த வச்சு, வெறுங்குமிழுக்குக் குங்குமத்த வச்சேன்."

மாமா வக்கீல் குரலுக்கு வந்துவிட்டார். "வச்சத இவன்கிட்டச் சொன்னியா?"

"அவுக கேக்கலையே."

"ஏன் மாப்ள கேக்கல?"

"அழிச்சுப் பாக்க மனசு வரல மாமா."

"முந்நூத்துச் சொச்சம் தரம் அளந்தியே, அதுக்கு மனசு வந்துச்சா?"

மாமா கருகின காரை ஒரு தரம் பார்த்தார், கதவை ஒரு தரம் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த திருச்சி ஜாதகத்தை மடித்து உறையில் போட்டார்.

"ரெண்டு பேரும் சேந்து செஞ்ச குத்தம். ஒருத்தர மட்டும் திருச்சிக்கு அனுப்புறது நியாயமில்ல. ஒரே வீட்டுல போட்டு அடைச்சுற வேண்டியதுதேன்."

ராகு காலம் கழிந்ததும் அதே ஜட்காவில் வில்லாபுரம் போனோம். அப்போது அங்கே வயல்தான் அதிகம். காரின் வரவைப் பார்க்கக் காலையிலிருந்தே ரோட்டில் நின்ற என் அம்மா, குதிரையைத்தான் பார்த்தாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. காரின் கம்பிகளையெல்லாம் மாற்றினார்கள். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய் இரண்டு நாள் சார்ஜ் ஏற்றித் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகுதான் அது ஐந்து வருஷம் உழைத்தது. இதை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் டார்ச்சுக்கோ கடிகாரத்துக்கோ ரேடியோவுக்கோ செல் மாற்ற வேண்டுமென்றால் என் கையில் கொடுப்பதில்லை. கோமதிதான் வாங்கிக்கொள்வாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பால் செல்லின் தலையைத் துடைத்து, அடியைத் துடைத்து, பேரப்பிள்ளைகள் எல்லோரும் பார்க்கும்படி என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. பொட்டு இல்ல."

நான் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் உள்ளே போடுவாள். பேரப்பிள்ளைகள் ஹாரன் மாதிரி ஊதுவார்கள். இதுவரை அவர்கள் ஊதியதில் அதிகபட்சம் இரண்டு நிமிஷம்.