சகலை வீட்டுக்கு மோட்டார் வள்ளம்

சகலை வீட்டுக் கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்குத்தான் போவது, சாப்பிட்டதும் திரும்பிவிடுவது என்று மார்கழியிலேயே தீர்மானித்துவிட்டேன். தீர்மானத்தை என் மனைவி பூங்கனியிடம் சொல்லக் கூடாது என்பது அதைவிடப் பெரிய தீர்மானம்.

காரணத்தைக் கேட்டால் நீங்களும் என் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள். பூங்கனியின் தங்கையைக் கட்டிய வைகுண்டராஜன், விருந்தாளியை வேலையாளாகவே பார்ப்பவர். மூத்த மகள் கல்யாணத்தில், "அண்ணாச்சி கொப்பரை வியாபாரியாச்சே!" என்று சிரித்துக்கொண்டே என்னைத் தேங்காய் துருவ உட்காரவைத்தார். முந்நூறு தேங்காய்! தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. மேளச் சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது இளைய மகளுக்குக் கல்யாணம். எட்டு நாள் முன்பே வந்து நிற்க வேண்டுமாம்.

நல்லவேளையாக என்னிடம் ஒரு பழைய மோட்டார் இருந்தது. மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது ஏலத்தில் எடுத்தது. வள்ளத்தின் பின்பக்கம் மாட்ட வேண்டும். தலையில் ஒரு சக்கரம். அதில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஓடும். பெட்ரோலோடு எஞ்சின் எண்ணெய் கலக்கச் சொன்னார்கள். வீட்டில் மூன்று பீப்பாய் தேங்காய் எண்ணெய் இருக்கும்போது வெளியே எண்ணெய் வாங்குகிறவன் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவனா? அதையே கலந்தேன். ஓடியது. ஆற்றங்கரை முழுக்க முறுக்குச் சுடும் வாசனை.

மார்கழி பிறந்தது. மோட்டார் காலையில் ஓட மறுத்தது. இரண்டு நாள் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். குழாயில் தங்கும் பெட்ரோல் இரவில் ஆவியாகிவிடும். மிஞ்சிய எண்ணெய் குளிரில் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். பத்து மணி வெயிலில் உருகினால்தான் மறுபடி ஓடும். இந்த ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் பேச்சைத் தொடங்கினேன்.

"ஏட்டி, இந்தத் தடவை மோட்டார் வள்ளத்துலதான் போணும். வெள்ளிக்கிழமை காலையில அது ஓடலன்னா நீ பஸ்ஸுல போ. நான் தாலிகட்டுக்கு வந்து சேருதேன்."

"ஓடிச்சுன்னா?"

"எட்டு நாளும் அங்கேயே நிக்கேன். உன் தங்கச்சி மாப்பிள்ளை சொல்லுத வேலையெல்லாம் செய்யுதேன்."

"சத்தியமாட்டா?"

"சத்தியமாட்டு."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குமேல் கடல் இறங்கி, ஆற்றிலும் நீர் வற்றி, வள்ளம் மணலில் தட்டும். அதையும் முன்பே விசாரித்து வைத்திருந்தேன். ஏழு மணிக்கு மோட்டார் ஓடாது. பத்து மணிக்கு வள்ளம் ஓடாது. என்ன கணக்கு!

அன்று ஏழு மணிக்குப் பூங்கனி பெட்டியோடு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மோட்டார் ஒரு முறை இருமியது. அவ்வளவுதான். மறுபடி இழுத்தேன். இருமல்கூட இல்லை. மனத்துக்குள் அதைத் தட்டிக்கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு இஸ்ரவேல் உமிக்கரியும் வாயுமாக வந்து நின்றார்.

"ஓய் குமாரதாஸ், எஞ்சினுக்கு உடம்பு சொகமில்லியா?"

"பிளக்குல அழுக்கு இருக்கும்" என்று சொல்லி, பிளக்கைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தேன். ஊதினேன். வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மாட்டினேன். இழுத்தேன்.

"அழுக்கு போச்சா?"

"போச்சு."

"வேட்டிக்கா?"

பெட்ரோல் மூடியைத் திறந்தேன், மூடினேன். தண்ணீரைத் தள்ளும் விசிறியைச் சுற்றிவிட்டேன். திருகுகளையெல்லாம் அரைச் சுற்று முறுக்கி, அதே அரைச் சுற்று தளர்த்தினேன். நெற்றி வியர்வையைப் பூங்கனி பார்க்கும்படி துடைத்தேன்.

"பழைய எஞ்சின் பாரு. வயசாச்சு. நீ பஸ்ஸுக்கு நேரமாக்காத."

"இருங்க, வாறேன்" என்று அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள்.

பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்கப் போகிறாள் என்று எண்ணி, இஸ்ரவேலைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அவள் ஒரு செம்பு வெந்நீரோடும் பழந்துணியோடும் திரும்பி வந்தாள். துணியை நனைத்துப் பெட்ரோல் குழாயில் சுற்றினாள். ஆற ஆற மறுபடி நனைத்தாள்.

"இப்ப இழுங்க."

இழுத்தேன். முடிந்தவரை மெதுவாக.

"இந்த இழுப்புக்கு ஆட்டுக்குட்டிகூட வராது. தள்ளுங்க!"

அவளே கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு இழுத்தாள். தடதடவென்று ஓடத் தொடங்கியது. முறுக்கு வாசனை எழுந்தது.

"உனக்கு எப்படிட்டி தெரியும்?"

"எஞ்சின் குடிக்கது நம்ம எண்ணென்னு வாசம் சொல்லுதே! நீங்க தலைக்குத் தேய்க்க, தினமும் குப்பியை வெந்நீருல வச்சு உருக்கித் தாறது ஆரு?"

இஸ்ரவேல் வாயிலிருந்த உமிக்கரியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

எட்டரை மணிக்குச் சகலை வீட்டுத் துறையில் வள்ளம் தட்டியது. பந்தலுக்கு ஓலை ஏற்ற இரண்டு பேர், விறகு ஏற்ற மூன்று பேர், அக்கரைக்குப் போக எட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் வைகுண்டராஜன்.

"வாருங்க அண்ணாச்சி! மோட்டாரும் நீங்களும் வெள்ளிக்கிழமை எட்டரைக்கு வந்திருவியன்னு பூங்கனி மைனி பத்து நாளைக்கு முந்தியே ஆளு விட்டுச் சொல்லிட்டா."

எட்டு நாளும் விடிவதற்கு முன்பே பூங்கனியின் ஒரு செம்பு வெந்நீர் துறைக்கு வந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன மோட்டார் ஒரு நாள்கூட நிற்கவில்லை.