குளியலறையில் யாரும் இல்லை

குறடு ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிவிட்டது. குழாயின் தலை கையோடு வந்தது. தண்ணீர் நேராக அவள் முகத்தில் அடித்தது.

சொட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தத்தான் போனாள். நீரழுத்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள். பயப்படவில்லை.

குழந்தைகள் நலத்துறை அதிகாரி வரும் நேரம். வளர்ப்பு வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அரசு உதவி பதினெட்டு வயதோடு நின்றுவிடும். இருபத்தொன்று வரை நீட்டிக்க, அதிகாரி நேரில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சொன்னால் இந்த வாடகை அறையும் லேப் டெக்னீஷியன் படிப்பும் நிலைக்கும். இல்லாவிட்டால் இரண்டும் போச்சு. யார் துணையும் இல்லாமல் வாழத் தெரியும் என்று காட்டினால் போதும் என்பது அவள் கணக்கு.

துணியைச் சுருட்டி அடைத்தாள். அது பறந்து போய்ச் சோப்புத்தூள் டப்பாவைக் கவிழ்த்தது. இப்போது தண்ணீரோடு நுரையும். தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூட மொட்டைமாடிக்கு ஓடினாள். மாடிக்கதவு பூட்டியிருந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை.

வேறு வழியில்லாமல் வளர்ப்பு அப்பாவுக்குப் போன் செய்தாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அடுத்த தெருவிலிருந்து பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்து, உள்ளங்கையால் குழாயை அழுத்திப் பிடித்தார்.

"கையை எடுத்தா பீச்சுது பாப்பா."

வாசல் மணி அடித்தது.

"அப்பா, நீங்க இங்க இல்ல. சத்தமே வரக்கூடாது."

"இல்லாத ஆளு எப்படிம்மா குழாயைப் பிடிக்கிறது?"

அவள் குளியலறைக் கதவைச் சாத்தினாள்.

அதிகாரி நுரையைத் தாண்டிக் கால் வைத்தார். "என்னம்மா இது?"

"வாராவாரம் தரையைக் கழுவுவேன் சார். நானேதான்."

"வாசல்ல பெரிய செருப்பு கிடக்கே?"

"என்னோடதுதான் சார். வளர்ற காலுன்னு பெரிசா வாங்கிட்டேன்."

குளியலறைக்குள் பலமாக ஒரு தும்மல்.

"குழாய் சார். உள்ள காத்து அடைச்சிருக்கு."

"நல்லாத்தான் தும்முது." அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, ஒரு அவசரம்னா யாரைக் கூப்பிடுவே?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். நிமிர்ந்து நின்றாள். "யாரையும் கூப்பிட மாட்டேன் சார். எனக்கு யாரும் தேவையில்ல."

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"கெட்டிக்காரிதான். ஆனா கஷ்டம்மா. நீ தனியா சமாளிப்பியான்னு பார்க்க நான் வரல. கூப்பிட்டா ஓடி வர பெரியவங்க ஒருத்தராவது இருந்தாத்தான் இந்த உதவி. யாரும் இல்லாத பிள்ளைங்களைத் தனி அறையில விடறதில்ல. வெளியூர் விடுதிக்கு அனுப்பிடுவோம்."

அவள் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"சார், ஒருத்தன் இருக்கேன் சார்! ஓடி வந்து ரொம்ப நேரமாச்சு, கையைத்தான் எடுக்க முடியல!"