சீசன் டிக்கெட்டும் பரங்கிக்காயும்

இந்த வருடம் என்ன ஆனாலும் சரி, என் மனைவியைப் பக்கத்து இருக்கையிலிருந்து கிளப்பியே தீருவது என்று ஜனவரி மாதம் ஒரு சபதம் எடுத்தேன். வீட்டில் அல்ல. அந்தத் தைரியம் எனக்கு ஏது? கால்பந்து மைதானத்தில்.

சான் ஹெர்வாசியோ கிளப்பின் கிழக்கு ஸ்டாண்டில், எட்டாவது வரிசையில், எங்களுக்கு இரண்டு சீசன் டிக்கெட். புவெனோஸ் ஐரஸுக்குத் தெற்கே மாளிகைகூட வாங்கிவிடலாம், அந்த வரிசையில் ஒரு நாற்காலி வாங்க முடியாது. வருடாவருடம் புதுப்பித்தால் இருக்கை நம்முடையது. ஒரு வருடம் அசந்தால் போச்சு, காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவன் வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிடுவான். எங்கள் அணி பல வருடமாக இரண்டாம் டிவிஷனிலேயே குடியிருக்கிறது. அதற்கே இந்தத் தள்ளுமுள்ளு. இரண்டு டிக்கெட்டும் மாமனாருடையவை. மனிதர் கண்ணை மூடும்போது வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எட்டாவது வரிசையை விட்டுடாதே, நெலிதா" என்று மட்டும்தான் சொன்னார்.

நெலிதா விடவில்லை. என்னையும் விடவில்லை.

விஷயம் இதுதான். எனக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். இடைவேளையில் மொத்த ஸ்டாண்டும் சோரிபான் சாப்பிடும். கரியில் சுட்ட பன்றி இறைச்சிச் சோரிஸோவை நீளவாக்கில் பிளந்து, ரொட்டிக்குள் திணித்து, மேலே பூண்டுச் சாறு ஊற்றித் தருவார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறும்போது எதிரணி ஆட்களை எல்லாம் மன்னித்துவிடத் தோன்றும். சரியாக அந்த நேரத்தில் என் மனைவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறப்பாள். உள்ளே கேரட்.

"நல்லா மென்னு சாப்பிடுங்க" என்பாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

சாதாரணமாக எங்களுக்குள் 'நீ', 'வா', 'போ' என்றுதான் பேச்சு. அவள் 'நீங்க' போட்டால் எனக்கு ஏதோ வினை காத்திருக்கிறது என்று அர்த்தம். மைதானத்தில் தொண்ணூறு நிமிடமும் 'நீங்க'தான்.

இந்தத் துயரத்தை என் நண்பன் ரூபேனிடம் கொட்டினேன். அவனுக்கு இருக்கை வேண்டும். எனக்குச் சோரிபான் வேண்டும். பழம் நழுவிப் பாலில் விழுகிற மாதிரி பொருத்தம்.

"நெலிதா சீட்டு எனக்கு வந்தா, இடைவேளைக்கு இடைவேளை ரெண்டு சோரிபான், என் செலவு" என்றான்.

"அவளை எப்படிடா கிளப்புறது?"

"ராசியில்லைன்னு சொல்லிடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் ஒருவனைத் திருடன் என்று சொல்லலாம், சிரித்துக்கொண்டே போய்விடுவான். ராசியில்லாதவன் என்று சொல்லிவிட்டால் அவன் பெயரைக்கூட யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், தப்பித்தவறி சொன்னால் உடனே இரும்பைத் தொடுவார்கள். எங்கள் வரிசையில் இது இன்னும் முற்றிய நோய். ஒன்பதாம் நம்பர் இருக்கையில் உட்காரும் கறிக்கடை அமில்கார் எப்போதோ ஷூ நாடாவைக் கட்டும்போது ஒரு கோல் விழுந்ததாம். அதிலிருந்து ஒவ்வொரு கார்னர் கிக்குக்கும் குனிந்து நாடாவை அவிழ்த்துக் கட்டுவார். பாவம், பல வருடமாக ஒரு கார்னரையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரவியோலி தட்டில் விழுந்ததும் மெதுவாக ஆரம்பித்தேன்.

"நெலிதா, ஊர்ல ஒரு பேச்சு அடிபடுது. நான் நம்பலை. ஆனா நம்ம வரிசைல யாருக்கோ ராசியில்லைன்னு..."

"யாருக்காம்?"

"அதை எப்படி என் வாயால சொல்றது? நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராம். ஆம்பளை இல்லையாம்."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். தட்டு பறக்கும் என்று நினைத்துத் தலையைச் சற்றுக் குனிந்துகொண்டேன். தட்டு பறக்கவில்லை.

"அப்ப நம்ம டீம் தோக்குறதுக்கு நான்தான் காரணமா?"

"நான் சொல்லலை. ஜனங்க சொல்றாங்க."

"எனக்கு டீம்தான் முக்கியம்" என்றாள். "யாருக்கு ராசியில்லையோ அவங்க சீட்டை விட்டுக் குடுத்துடணும். அதானே நியாயம்?"

"அதேதான் நியாயம்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

"கிளப் சட்டை மேல சத்தியம் பண்ணுங்க."

'நீங்க' வந்துவிட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஓடிப்போய்ப் பச்சைச் சட்டையை எடுத்துவந்து அடித்துச் சத்தியம் செய்தேன்.

சீசன் டிக்கெட்காரர்கள் இருக்கையை மாற்றிக்கொள்ளவும் வேறு ஆளுக்குக் கொடுக்கவும் கிளப்பில் வருடத்துக்கு ஒரே ஒரு வாரம்தான் உண்டு. இரண்டு டிக்கெட்டும் நெலிதா பெயரில் இருந்ததால், அவளும், நான் சிபாரிசு செய்த ரூபேனும் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வரிசை தெருமுனை வரை நின்றது. "நீங்க எதுக்கு வெயில்ல நிக்கணும்? நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். நான் எதிர்ச்சாரிக் கடையில் நின்று, வரப்போகும் சுதந்திரத்துக்கு முன்பணமாக ஒரு சோரிபான் சாப்பிட்டேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். என்ன பெருந்தன்மையான பெண் என்று எனக்குக் கண் கலங்கியது.

சீசனின் முதல் ஆட்டம். நான் புதுச் சட்டை, ஷேவிங், சென்ட் எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பினால், நெலிதாவும் கூடவே கிளம்பினாள்.

"நீ எங்கே?"

"கேட் வரைக்கும்."

கேட்டில் ரூபேன் அட்டையைக் காட்டினான். பச்சை விளக்கு. உள்ளே போனான். நெலிதா காட்டினாள். பச்சை விளக்கு. உள்ளே போனாள். நான் காட்டினேன். சிவப்பு விளக்கு. துடைத்துக் காட்டினேன். சிவப்பு. முத்தம் கொடுத்துக் காட்டினேன். பின்னால் நின்றவர்கள் திட்ட ஆரம்பித்தார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி சாந்தமாகச் சொன்னாள்: "உங்க சீட்டு ரூபேனுக்குப் போயிடுச்சு."

"என் சீட்டா? உன் சீட்டைத்தானே..."

"யாருக்கு ராசியில்லையோ அவங்க சீட்டுன்னு சத்தியம் பண்ணீங்க. நானும் வரிசைல ஒவ்வொருத்தரா போன் போட்டு விசாரிச்சேன். போன வருஷம் அக்கா பொண்ணு கல்யாணத்துக்குப் போனேனே, அன்னைக்கு என்ன ஆச்சு?"

நான் அட்டையை இன்னொரு முறை துடைத்தேன்.

"தோத்தோம்" என்றார் அமில்கார். அவர் எப்போது வந்து அவள் பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

"இவரு பல்லுவலி வந்து வீட்டுல கிடந்தாரே, அன்னைக்கு?"

"நாலு கோல் போட்டோம்" என்ற அமில்கார், என்னைப் பார்த்துக்கொண்டே கம்பியைத் தொட்டார். இரும்புக் கம்பி.

"ரூபேன், நீயாவது சொல்லுடா!"

"மன்னிச்சுக்கடா" என்றான் அந்தத் துரோகி. "டீம்னு வந்துட்டா நட்பெல்லாம் அப்புறம்தான்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். வழியில் ஒரு நல்ல எண்ணம் வந்தது. வீட்டில் யாரும் இல்லை, சோரிஸோ வாங்கிச் சுட்டுத் தின்னலாமே? கறிக்கடை பூட்டியிருந்தது. கடைக்காரர்தான் ஸ்டாண்டில் இருக்கிறாரே. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். அவித்த பரங்கிக்காய் ஒரு கிண்ணம். அதைத் தவிர வெளிச்சம் மட்டும்தான் இருந்தது.

ரேடியோவைப் போட்டுவிட்டு, பசிக் கொடுமையில் ஒரு கரண்டி பரங்கிக்காயை விழுங்கினேன். கோல்! என்னையறியாமல் குதித்தேன். இன்னொரு கரண்டி. இன்னொரு கோல்.

மாலையில் நெலிதா பாடிக்கொண்டே வந்தாள். அவள் மேலெல்லாம் சோரிபான் வாசனை. ரூபேன் வாங்கிக் கொடுத்தானாம், வாக்குத் தவறாமல் இரண்டு.

"கோல் விழுந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை. "பரங்கிக்காய் வாயில போட்டேன் பாரு, அந்த நொடியே விழுந்துச்சு!"

அவள் உடனே போனை எடுத்தாள். அமில்காரிலிருந்து ஆரம்பித்து எட்டாவது வரிசை முழுக்கச் செய்தி போனது.

அவ்வளவுதான். ஆட்ட நாள் என்றால் எனக்கு வீடு, ரேடியோ, பரங்கிக்காய். முதல் நாளே ஏமாற்றப் பார்த்தேன். கறிக்கடைக்குப் போய், "அமில்கார், ரெண்டே ரெண்டு சோரிஸோ" என்றேன். மனிதர் கத்தியை வைத்துவிட்டுக் கைகூப்பாத குறையாகச் சொன்னார்: "அண்ணே, எங்க அப்பா முதல் டிவிஷனைப் பாக்காமலே போயிட்டாரு. என்னையும் அப்படி அனுப்பிடாதீங்க." பக்கத்துத் தெருக் கடைக்குப் போனேன். அவன் தெற்கு ஸ்டாண்ட். அங்கும் விஷயம் தெரிந்திருந்தது.

அணி ஜெயித்துக்கொண்டே போனது. ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றோம். அன்று எங்கள் வீட்டு வாசலில் மூன்று பேர் வந்து, நான் அன்று என்ன தின்றேன் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "வாலிபப் பையன் மாதிரி இருக்கு. என்ன மருந்து?" என்றார். நெலிதா அடக்கமாகத் தரையைப் பார்த்தாள். அந்தக் கிண்ணத்தை மட்டும் வைத்துவிட்டு அவள் குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள்மேல் கோபம் வரவில்லை. அவ்வளவு ஆசையாக என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்து, முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டோம். சமையலறையில் தன்னந்தனியாக நின்று, கரண்டியும் கையுமாக, குழந்தை மாதிரி அழுதேன். சற்று நேரத்தில் மொத்த எட்டாவது வரிசையும் பேரிகையோடு எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டது. "எவாரிஸ்தோ! எவாரிஸ்தோ!" என்று என் பெயரைச் சொல்லிக் கூத்தாடினார்கள். ஒருவர்கூட இரும்பைத் தொடவில்லை. நெலிதா கீழேயிருந்து எனக்கு முத்தம் பறக்கவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலில் எட்டிப்பார்த்துச் சொன்னேன்: "போதும்பா! வர்ற ஜனவரில எனக்கு என் சீட்டு வேணும்!"

பேரிகை நின்றது. அமில்கார் தொப்பியைக் கழற்றி முன்னால் வந்தார்.

"அண்ணே, அதைப் பத்தித்தான் பேச வந்தோம். முதல் டிவிஷன்ல எல்லாம் பெரிய பெரிய டீம், வெறும் பரங்கிக்காய் தாங்காதுன்னு நெலிதா சொல்றாங்க. இனிமே உப்பையும் நிறுத்திடுங்க."