ஈர அடுப்புகள்

எதையும் விளக்கிச் சொன்னால் நல்லதே நடக்கும் என்று நம்புவது, பட்டம் வாங்கிய புதிதில் பலரைப் பிடிக்கும் ஒரு நோய். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதி. சமூகவியலில் முதுகலை முடித்து, வேலைக்கான உத்தரவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தபால்காரரிடமிருந்து பெற்றுக்கொண்டிருந்தேன். மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்குப் பின்னால் குளக்கரைப் புறம்போக்கில் குடிசைகள் இருந்தன. அங்கு வாழ்வோருக்குக் குடும்பத்துக்கு ஒரு மனை என்று பட்டா கொடுக்க அரசு முடிவு செய்திருந்தது. கணக்கெடுக்க மறுநாள் அதிகாரி வருகிறார். அதைச் சொல்லக் கூட்டம் கூட்டிய வார்டு கவுன்சிலர் ஞானப்பிரகாசத்துக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. (தேர்தல் முடிந்ததிலிருந்தே கட்டித்தான் கிடக்கிறது என்றும் சிலர் சொன்னார்கள்.)

மைக்கை என் கையில் திணித்து, காற்றாக வந்த குரலில் சொன்னார்: "நைனா, நாளைக்கு ஆபீசர் வர்றாரு, அல்லாரும் ஊட்ல இருங்க. அத்த மட்டும் சொல்லிட்டு எறங்கிடு."

"விதிகளை விளக்க வேண்டாமா அண்ணே?"

"வேணாம்."

முன்வரிசையில் ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருந்தார். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் சட்டை தைக்கும் வேலை. கணவர் இறந்த பிறகு கொழுந்தனாரின் குடிசையை ஒட்டிய ஓலைச் சாய்ப்பில் தனியாகப் பொங்கித் தனியாக வாழ்ந்தார். அந்தச் சாய்ப்பையும் காலி செய் என்று கொழுந்தனார் நெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு மனை கிடைத்தால் அக்காவுக்கு நிம்மதி. அவருக்காகவாவது விதியைச் சொல்லியாக வேண்டும் என்று என் மனசாட்சி (அதுவும் எம்.ஏ. படித்தது) என்னைப் பிடித்துத் தள்ளியது.

"பெரியோர்களே! குடும்பம் என்னும் அமைப்பை ஆராயுங்கால்..." என்று தொடங்கினேன். ஆராய்ந்து முடித்தபோது பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், தனி அடுப்பில் சமைப்போர் தனிக் குடும்பமாகவே கருதப்படுவர் என்று முத்தாய்ப்பு வைத்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ ரெண்டு அடுப்பு இருந்தா ரெண்டு மனையா, அண்ணாத்தே?"

"கோட்பாட்டளவில், ஆம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அது என் சொல்வன்மைக்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். கவுன்சிலர் மட்டும் தலையில் கை வைத்திருந்தார்.

மறுநாள் காலை குளக்கரையைப் புகை மூடியிருந்தது. முந்தின நாள் வரை ஒரே பானையில் சாப்பிட்டவர்கள் விடிவதற்குள் தனிக்குடித்தனம் போயிருந்தார்கள். ஒரு மூலையில் மாமியார், மறு மூலையில் மருமகள், நடுவில் யார் பக்கம் சாப்பிடுவது என்று தெரியாமல் மகன். ஒரு பெரியவர் கட்டிய மனைவியையே பிரிந்து, தனி அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். (அவருக்குத் தெரிந்த சமையல் அதுதான்.)

அதிகாரி முதல் குடிசையின் இரண்டாவது அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. அடுத்த குடிசையிலும் போயிற்று. அவருடைய வெள்ளைக் கைக்குட்டை மெல்லச் செம்மண் நிறமாயிற்று.

பிறகு ஸ்டெல்லா அக்காவின் சாய்ப்பு. அதிகாரி வருகிறார் என்று, கிறிஸ்துமஸுக்குச் செய்வதைப்போலத் தன் பழைய அடுப்பைப் புதுமண்ணால் மெழுகி, முகப்பில் சுண்ணாம்பால் ஒரு சிலுவையும் போட்டிருந்தார். அந்தக் குளக்கரையிலேயே அதைவிடப் புதிதாகத் தெரிந்த அடுப்பு வேறில்லை.

"இதுவுமா?" என்றார் அதிகாரி, விரலைத் துடைத்தபடி.

"சார், எம் புருசன் போனதுலேர்ந்து இதுலதான் பொங்கித் துன்றேன். நல்ல நாளாச்சேன்னு மெழுகினேன் சார்."

"எல்லாரும் அதத்தாம்மா சொல்றாங்க."

நான் பாய்ந்தேன். "ஐயா! இந்த ஓர் அடுப்பு மட்டும் உண்மையானது!"

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ மத்ததெல்லாம்?"

"அவை கோட்பாட்டளவில்..." என்று தொடங்கினேன். கூட்டத்திடம் அதைவிட நல்ல பதில் இருந்தது. "யோவ், ரெண்டு மனைன்னு நீதானே சொன்ன? இன்னாத்தப் படிச்ச நீ?" என்று ஓர் அம்மாள் கரண்டியோடு வந்தார். என் சட்டையைப் பலர் பிடித்திருக்க, நான் "முறைப்படி விவாதிப்போம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். அந்த அமளியில் அதிகாரி முடிவெடுத்துவிட்டார்: கூரைக்கு ஒரு குடும்பம். ஸ்டெல்லா அக்கா கொழுந்தனார் குடும்பத்தில் சேர்க்கப்பட்டார்.

ஜீப் போன பின்பு கவுன்சிலர் என் அருகில் வந்தார். "மேல் மண்ண சொரண்டிப் பாருங்க சார், உள்ள கரி கீதுன்னு சொல்லிகினே இருந்தேன் நைனா. உன் சத்தத்துல என் தொண்ட எங்க கேக்கும்?"

அதன்பின் அக்காவுக்காக நான் எழுதிய மனுக்கள் நல்ல தமிழில் இருந்தன. வேறு பயன் இல்லை. பட்டா கைக்கு வந்ததும் கொழுந்தனார் அந்தச் சாய்ப்பைச் சைக்கிள் நிறுத்தும் இடமாக்கினார். அக்கா பட்டாபிராமில் வாடகை அறைக்குப் போனார். மற்ற வீடுகளில் பெரும்பாலோர் கணக்கெடுத்த அன்று மாலையே ஒரே பானைக்குத் திரும்பினார்கள். ஆனால் சில அண்ணன் தம்பிகள் திரும்பவேயில்லை. நான் ஆராய்ந்து சொன்ன குடும்பங்கள் அவை.

இன்றும் வீட்டில் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், "காஞ்சுடுச்சா?" என்று என் மனைவி கேட்பாள்; பிள்ளைகள் விரலை நீட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்கு எல்லோருமாக ரயிலேறி அக்கா வீட்டுக்குப் போவோம். இன்னும் வாடகை வீடுதான். பளபளவென்று துடைத்த கேஸ் அடுப்பில் டீ போட்டுக்கொண்டே அக்கா கூப்பிடுவார்: "வா தம்பி, தொட்டுப் பாரு. ஈரமில்ல."

எல்லோரும் சிரிப்பார்கள், அக்காதான் முதலில். நானும் சிரிப்பேன். இதுவரை தொட்டதில்லை.