ஆறு விளக்கும் ஏழு வீரர்களும்

மார்ச் 4, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை. விளக்குகளின் சத்தத்தை முழு அளவில் வைத்துவிட்டேன். அணி ஓடிவிட்டது.

டைரியில் இவ்வளவுதான் எழுதினான் அருண்ராஜ். திரும்பப் படித்தபோது, 'அணி ஓடிவிட்டது' என்பதை யாராவது நல்லவிதமாக எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று சந்தேகம் வந்தது. நேர்மையாக இருக்க வேண்டுமே என்று கீழே சேர்த்தான்: 'எதிர்த் திசையில்.'

நெய்வேலியில் ஒரு வட்டத்துக் கபடிக் கழகம் புதிதாக ஆறு மின்னணு விளக்குகள் வாங்கியிருந்தது. ஒவ்வொன்றும் ஊத்தப்பம் அளவு. மைதானத்தில் பரப்பி வைத்துவிட்டு, கைப்பேசியில் பொத்தானைத் தொட்டால், ஏதாவது ஒன்று சிவப்பாக எரிந்து 'பீங்' என்று கத்தும். வீரர் பாய்ந்து போய்த் தட்டினால் அணையும். உடனே வேறொன்று எரியும். எவ்வளவு வேகத்தில் தட்டினார் என்பதைக் கைப்பேசி அந்தக் கணமே சொல்லிவிடும். இப்படித் தன் வேகத்தைத் தானே பார்க்கப் பார்க்க, கால் தானாகச் சுறுசுறுப்பு கற்றுக்கொள்ளும் என்று, அருண்ராஜ் போகும் பயிற்சியாளர் மாலை வகுப்பில் மெர்லின் மேடம் சொல்லியிருந்தார். ஆட்டக்காரர் தப்பாக ஓடினால் தப்பான சைகை கொடுத்த பயிற்சியாளர்தான் காரணம் என்றும் சொல்லியிருந்தார். அருண்ராஜ் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருந்தான்.

அவன் அந்த அணிக்கு ஒரு மாத கான்ட்ராக்ட் பயிற்சியாளன். ஞாயிற்றுக்கிழமை கழகச் செயலாளர் குஞ்சிதபாதம் நேரில் வந்து பார்ப்பார். வேகம் கூடியிருந்தால் அருண்ராஜ் பெர்மனென்ட். நெய்வேலியில் அந்தச் சொல் காதில் விழுந்தால், தாண்டிப் போன கல்யாணத் தரகர்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார். குறிஞ்சிப்பாடியில் அவனுடைய அம்மா செந்தாமரை, "என் மொவனுக்கு பெர்மனென்ட் ஆயிடுச்சி" என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். இனி அவனுக்கு ஆவது ஒன்றுதான் பாக்கி.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் முதல் 'பீங்' அடித்தது. அடித்ததும் ஏழு வீரர்களும் விளக்குக்கு முதுகைக் காட்டி ஓடினார்கள். வேப்பமரத்து நிழலை அடைந்ததும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அருண்ராஜ் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினான்.

"அண்ணே, விளக்கு அங்க இருக்குது!"

"தெரியுதுப்பா. அதான் இங்க வந்துட்டோம்" என்றார் பழனிவேல். அவர்தான் அணித் தலைவர். ஆள் நல்ல வாட்டசாட்டம்.

"அதுகிட்ட ஓடணும்ணே."

"நல்லா சொன்ன போ! மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட்டு கெளம்புறதுக்கு மின்னாடி ஹூட்டரு அடிக்கும், செவப்பு லைட்டு எரியும். அப்ப கிட்ட போறவன் முழுசா வூடு திரும்ப முடியுமா? ஒதுங்கி, நெழலா ஒரு எடத்துல கூடி உக்காந்துடணும். இத்தினி வருஷத்துப் பழக்கம். மனசு நில்லுங்குது, காலு கேக்க மாட்டேங்குது."

"எவ்ளோ நேரம் உக்காரணும்ணே?"

பழனிவேல் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்து யோசித்தார். "ரூல் பிரகாரம் அரை அவரு."

"கொறைஞ்சது" என்றார் பக்கத்தில் இருந்த ஜோஸ்வா.

அருண்ராஜுக்குக் கூச்சமாகிவிட்டது. சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவன், சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டாமா? அரை மணி நேரம் அவர்களோடு சேர்ந்து மரியாதையாக உட்கார்ந்திருந்தான். இரவு செயலாளர் போன் செய்தார்.

"என்னப்பா, பறக்குறானுங்களா?"

"கருவியில சின்னத் திருத்தம் சார். என் தப்புதான்" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. தன் தப்புக்கு இன்னொருவருடைய வேலையைக் காரணம் காட்டுவது அவனுக்குப் பிடிக்காது.

புதன்கிழமை சத்தத்தை அறவே நிறுத்தி, நிறத்தைப் பச்சைக்கு மாற்றினான். விளக்குகள் அழகாக எரிந்தன. ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவற்றைச் சுற்றி நின்று ரசித்தார்கள்.

"தட்டுங்கண்ணே!"

"ஐயய்யோ!" என்று பதறினார் இன்னாசிமுத்து. அணியில் மூத்தவர். "பச்ச எரிஞ்சா எல்லாம் ஒழுங்கா ஓடிக்கினு இருக்குதுன்னு அர்த்தம் தம்பி. ஒழுங்கா ஓடுறதுல கைய வெச்சா மெமோ குடுத்துடுவாங்க. மெமோன்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"கேள்விப்பட்டதோட இருக்கட்டும். வாங்கிடாத."

அன்று பேருந்தில் போகும்போது அருண்ராஜ் தீவிரமாக யோசித்தான். விளக்கைக் கண்டால் விலகி ஓடுகிறார்கள். அப்படியானால் விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்தால்? விலகி ஓடினாலே முன்னால் ஓடியதாகிவிடுமே! இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

வியாழக்கிழமை விளக்குகளைப் பின்னால் வைத்தான். சிவப்பு, முழுச் சத்தம். 'பீங்!' பழனிவேல் திடுக்கிட்டு முன்னால் பாய்ந்தார். மற்றவர்களும் பாய்ந்தார்கள். அணி முதல்முறையாகச் சரியான திசையில் ஓடியது. அருண்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பழனிவேலும் கலங்கித்தான் போயிருந்தார். ஓடிக்கொண்டே ஜோஸ்வாவைப் பார்த்தார்.

இரண்டாவது 'பீங்'. ஏழு பேரும் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார்கள்.

"இப்ப என்னண்ணே?"

"பின்னாலேர்ந்து ஹூட்டரு கேட்டா படுத்துடணும்" என்றார் ஜோஸ்வா, கன்னத்தைப் புல்லில் வைத்தபடி. "அது தனி ரூலு."

"எப்ப எழுந்துக்கலாம்?"

"அத நம்ம கையில வெச்சா ரூல் போட்டாங்க?"

இன்னாசிமுத்துவிடமிருந்து சீரான ஒலி ஒன்று வந்துகொண்டிருந்தது.

"அண்ணன் தூங்குறாரா?"

"சேச்சே. பதறாம மூச்சு விடணும்னு ட்ரைனிங்ல சொல்லிக் குடுத்ததுப்பா. அதுல எங்க எல்லாரையும் விட அவுருதான் ஃபர்ஸ்ட்டு."

வெள்ளிக்கிழமை அருண்ராஜ் மாலை வகுப்பிலிருந்து ஏழு அதிர்வுப் பட்டைகளைக் கெஞ்சி வாங்கி வந்தான். இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் அதிர்ந்தால் இடது, வலப்பக்கம் அதிர்ந்தால் வலது. சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, இனி எந்த விதியும் குறுக்கே வர முடியாது.

பட்டை அதிர்ந்தது. ஏழு பேரும் நடுமைதானத்தில் நின்றுவிட்டார்கள்.

"தம்பி, அதிருது" என்றார் பழனிவேல் கவலையோடு.

"அதிரணும்ணே!"

"என்னா இப்புடிச் சொல்லிட்ட? அதிர்ந்தா பேரிங்கு சூடாயிடுச்சின்னு அர்த்தம். அதுக்கு மேல ஓட்டுனா மெஷினே பூடும். நிறுத்தி, குளுகுளுன்னு ஆறப் போடணும்."

ஏழு பேரும் மைதானத்து ஓரம் நின்ற கரும்புச்சாறு வண்டிக்கு நடந்தார்கள். ஐஸ் தம்ளரை நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஜோஸ்வா கண்ணை மூடினார். அருண்ராஜ் கைப்பேசியைப் பார்த்தான். வேகம் வர வேண்டிய இடத்தில், 'வீரரைக் காணவில்லை' என்று வந்திருந்தது.

சனிக்கிழமை அவன் யாரையும் ஓடச் சொல்லவில்லை. அவர்களும் வற்புறுத்தவில்லை.

ஞாயிறு மாலை. செயலாளர் குஞ்சிதபாதம் வெள்ளைச் சட்டையில், குடையும் கையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், பெரிய எவர்சில்வர் தூக்கோடு பழனிவேலின் மனைவி பவித்ரா வந்தாள். அவளைக் கண்டதும் பழனிவேலின் முகம் வெளுத்தது.

"நீ எதுக்குடி வந்த?"

"சும்மா இருங்க. தம்பி, நீதான் கோச்சா?" என்று அருண்ராஜிடம் திரும்பினாள். "தெனம் வூட்டுக்கு வந்து ஒடம்பு வலின்னு சாஞ்சிடுறாரு. ஒத்தடம் குடுத்துக் குடுத்து எங் கையே ஓஞ்சிபோச்சி. வேளைக்கு அஞ்சி முட்ட. அப்புடி என்னாதான் பிராக்டீசுன்னு பாக்கலாம்னு வந்தேன்."

பாவம், கட்டாந்தரையில் படுத்தால் வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான் அருண்ராஜ்.

"ஆரம்பிப்பா" என்றார் செயலாளர்.

விளக்குகளை முன்னால் மூன்றும் பின்னால் மூன்றுமாக வைத்து, ஏழு பேருக்கும் பட்டையையும் கட்டிவிட்டு, அருண்ராஜ் அவசரமாகக் கைப்பேசியை எடுத்தான். பச்சையைத் தொடப் போனவன் எல்லாவற்றையும் சேர்த்துத் தொட்டுவிட்டான். முன்னால் இருந்த மூன்று விளக்குகள் பச்சையாக எரிந்தன. பின்னால் இருந்த மூன்றும் சிவப்பாக எரிந்து அலறின. ஏழு இடுப்பும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. இத்தனைக்கும் சேர்த்து என்ன விதி என்று அணி முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை. ஜோஸ்வா வேப்பமரத்துக்கு ஓடினார். பழனிவேலும் இன்னொருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூவர் கரும்புச்சாறு வண்டிக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் போகிற வழியில் இன்னாசிமுத்துவைத் தாண்ட வேண்டியிருந்தது; அவர் ஏற்கெனவே படுத்து, பதறாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

செயலாளர் குடையை ஊன்றி எழுந்தார்.

"இது என்னய்யா, கபடியா இல்ல தீயணைப்பு ஒத்திகையா? ஒரு வாரமா இதைத்தான் சொல்லிக் குடுத்தியா?"

"சார்..."

"பெர்மனென்ட் பேச்சே வேணாம். கான்ட்ராக்டும் இன்னையோட முடிஞ்சுது. விளக்கையெல்லாம் எடுத்துப் பெட்டியில வை."

அம்மா நாளைக் காலை தெருவில் எப்படித் தலைகாட்டுவாள் என்பதுதான் அருண்ராஜுக்கு முதலில் தோன்றியது. குனிந்து விளக்குகளைப் பொறுக்கினான். பிறகு நிமிர்ந்தான். தன் வேலை போனது சரி. இந்த நல்ல மனிதர்களுக்குச் சோம்பேறிகள் என்று பெயர் வந்துவிடக் கூடாது.

"சார், என் மேலதான் தப்பு. அண்ணனுங்க மேல கோவப்படாதீங்க. இத்தனை வருஷமா சுரங்கத்துல கன்வேயர் பெல்ட் பக்கத்துல, உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு வேலை பார்த்தவங்க. ஹூட்டர் அடிச்சா ஒதுங்குறதும், படுக்குறதும், அதிர்ந்தா நிக்குறதும் அவங்க ரத்தத்துல ஊறிப்போச்சு. அதை நான் மொதல்லயே புரிஞ்சுக்கிட்டிருக்கணும்."

பழனிவேல் அருண்ராஜைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

பவித்ரா தூக்கை டங்கென்று கீழே வைத்தாள்.

"கன்வேயர் பெல்ட்டா? ஏந்தம்பி, இந்த ஏழு பேரும் கேன்டீன்ல சாம்பாரு ஊத்துறவங்க. இதுவரைக்கும் ஒரு நாளாவது சுரங்கத்த எட்டிப் பாத்ததில்லியே!"

மார்ச் 9, ஞாயிறு. கான்ட்ராக்ட் முடியவில்லை. பெர்மனென்ட் பற்றி நாளைப் பயிற்சி முடிந்ததும் சொல்வதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். நாளை மாலை ஐந்து மணி: ஏழு பேரும் மைதானத்தை இருபது சுற்று. விளக்குகள் தேவையில்லை. பின்னால் ஸ்கூட்டியில் பவித்ரா அண்ணி.