ரோஸ் சர்பத்தும் உடையாத காலும்

வலியைப் பொறுத்தவரை ஆண்களில் இரண்டு வகை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்பவர்கள் ஒரு வகை. நான் மற்ற வகை. கல்யாணமான புதிதில் இந்த உண்மை என் மனைவி அமுதாவுக்குத் தெரியாது.

புது மாப்பிள்ளையாக முதல் தடவை பொகவந்தலாவைக்கு, அவள் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் தேயிலைக்கு நடுவே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குச் சரிவான பாதை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்களை அழைத்துப்போக வந்த அமுதாவின் தம்பி செல்வா, என் பையை வாங்கக் கையை நீட்டினான்.

"குடுங்க மச்சான், வழுக்கும்."

"இதெல்லாம் ஒரு பாரமா?" என்றேன். (நான் வளர்ந்தது ஹட்டன் பஜாரில், கடைக்கு மேல் வீட்டில். எனக்குத் தெரிந்த ஒரே சரிவு மாடிப்படி.)

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். வலது கால் தேயிலைக்குள் போனது. இடது கால் அதனோடு ஒத்துப்போகவில்லை. பையைக் கட்டிப்பிடித்தபடி உருண்டேன். 'மடக்' என்று ஒரு சத்தம். எழுந்து உட்கார்ந்தபோது ஒன்றும் வலிக்கவில்லை. சிரிக்கக்கூடச் செய்தேன். பிறகுதான் குனிந்து பார்த்தேன். முழங்காலிலிருந்து பாதம்வரை கால்சட்டை ஒரே சிவப்பு.

வந்ததே வலி! யாரோ கவ்வாத்துக் கத்தியை எடுத்து, செடியை விட்டுவிட்டு என் காலை வெட்டுவதுபோல இருந்தது.

"ஐயோ, கால் போச்சு! எலும்பு ஒடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு!"

அமுதா அழத் தொடங்கினாள். செல்வா ஓடிப்போய் மாமனாரையும் பக்கத்து வீட்டு ஆட்களையும் கூட்டி வந்தான். கொழுந்துச் சாக்கை இரண்டு கம்பில் கோத்து என்னைத் தூக்கினார்கள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

"யாருக்கு என்னாச்சுங்க?"

"நம்ம புது மாப்பிள்ளைக்குக் கால் ஒடிஞ்சிருச்சு!" என்று செல்வா மலைக்கே அறிவித்தான்.

ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போய்ப் போய் வந்தது. போகிற உயிர் சும்மா போகக்கூடாதென்று அமுதாவின் கையைப் பிடித்து, "நான் இல்லாட்டி நீ வேற கல்யாணம் பண்ணிக்க, தப்பில்ல" என்றேன்.

மாமனார் கம்பைத் தோள் மாற்றினார். "மாப்பிள்ள, பேசாம வாங்க. பேசுனா பாரமா இருக்கு."

டிஸ்பென்சரியில் டாக்டர் கால்சட்டையைக் கத்தரித்தார், துடைத்தார், முகர்ந்தார். "ரத்தத்துல ரோசாப்பூ வாசம் வருதே, தம்பி?"

அமுதா பையைத் திறந்தாள். விருந்துக்கு வாங்கிய ரோஸ் சர்பத் போத்தல் சுக்குநூறு. மடக்கென்று உடைந்தது பைக்குள் இருந்த குடை.

குழாயை மூடியதுபோல வலி நின்றது. வெளியே தோளைத் தடவிக்கொண்டு நின்ற மனிதர்களுக்காகவாவது கொஞ்சம் வலிக்கக்கூடாதா? (முக்கிப் பார்த்தேன். வரவில்லை.)

"நான் நடிக்கலீங்க டாக்டர். மெய்யாவே வலிச்சுச்சு."

"வலிச்சிருக்கும். ஒடம்பு சேதிதான் அனுப்பும். ஆபத்தா இல்லையான்னு முடிவு பண்ணி வலியக் குடுக்குறது மூளை. சத்தம் கேட்டுச்சு, செவப்பு தெரிஞ்சிச்சு. கால் போச்சுன்னு ஒங்க மூளை நம்பிருச்சு." டாக்டர் என் இடது பக்கம் பார்த்தார். "கால் கவலையில கைய மறந்திருச்சு போல."

"கையா?"

இடது உள்ளங்கையில் ஒரு கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. சுற்றிலும் அசல் ரத்தம். அதுவரை எறும்பு கடித்த அளவுகூடத் தெரியவில்லை. பார்த்த பிறகு நான் போட்ட சத்தம் கொழுந்து நிறுக்கும் இடம்வரை கேட்டதாம்.

தையல் போட்டு அனுப்பினார்கள். திரும்பும்போது நடந்துதான் வந்தேன். யாரும் சாக்கை நீட்டவில்லை.

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து வாயைத் திறந்தால், அமுதா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள்.

"மொதல்ல மோந்து பாரு. அப்புறம் அழு."

சின்னவள் குனிந்து கவனமாக மோந்து பார்ப்பாள். "ரத்தந்தாம்மா" என்று அறிவித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அழத் தொடங்குவாள்.