மண்டையோடுகளை நான் அடுக்கிய கதை

ஒரகடத்தில் நிற்கிற தொழிற்சாலைகளில் பாதிக்கு என் பொக்லைன்தான் அஸ்திவாரம் தோண்டியது. ஆறாம் வகுப்பைத் தாண்டாத எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. (வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பொறாமை.)

என் மருமகள் எஸ்தர் மண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். கண்காட்சி நன்றாக அமைந்தால்தான் வேலை நிரந்தரம் என்று தாளாளர் அம்மா சொல்லியிருந்தார். ஆதி மனிதர்களின் புதைபடிவங்களைப் படத்தில் பார்த்து, எஸ்தர் களிமண்ணில் நான்கு மண்டையோடுகள் செய்தாள். கண்காட்சியன்று உதவிக்குப் போன என்னிடம், "பழசுலேர்ந்து புதுசா வரிசையா வைங்க மாமா" என்று சொல்லிவிட்டு, தாளாளரை அழைத்துவரப் போனாள்.

எனக்கா தெரியாது? பொக்லைனில் பெரிய மாடல் வர வர மண் அள்ளும் பக்கெட்டின் பல்லும் பெரிதாகும். அதே கணக்கில் அடுக்கினேன். தாளாளர் வந்தபோது, ‘இன்றைய மனிதன்’ அட்டைக்குப் பின்னால் இருப்பதிலேயே பெரிய பல்லன் இளித்துக்கொண்டிருந்தான்.

"யார் அடுக்கினது?"

"நான்தாம்மா. பல்லு பெருசுன்னா புது மாடலு."

பிள்ளைகள் சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை. எஸ்தர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னா மாமா பண்ணி வச்சிகீறீங்க?" என்று முணுமுணுத்தவள், சட்டென்று குரலை உயர்த்தினாள்.

"மாமா, தோண்டும்போது மேல இன்னா வரும்?"

"நாம கொட்டின கிராவலு."

"கீழ?"

"பழைய ஏரி வண்டலு."

"எது முந்தினது?"

"கீழ கெடக்கிறதுதான். இதுகூடவா தெரியாது டீச்சரு?"

"எலும்பும் அப்படித்தான்" என்று பெரிய பல்லனைத் தூக்கினாள். "இந்த மாதிரி ஆளுங்க அடி மண்ணுல கெடைச்சாங்க. பல்லு பெருசு, மூளைக்கு எடம் கம்மி. மேல வர வர மூளை வளர்ந்துச்சு, பல்லு சிறுத்துச்சு. எல்லாரும் ஒரே வரிசையில வந்தவங்களும் இல்ல. சில கிளை பாதியிலயே பட்டுப்போச்சு." மண்டையோட்டைக் கவிழ்த்தாள். "கழுத்தெலும்பு சேர்ற ஓட்டை அடியில கீதுல்ல? அப்ப நிமிர்ந்து நடந்தவங்க."

சிரித்த பிள்ளைகள் இப்போது மேஜையை மொய்த்தார்கள். ஒருவன் தன் பிடரியைத் தடவிப் பார்த்தான்.

தாளாளர் என்னிடம் வந்தார். "ஐயா, அடுத்த வகுப்பு வருது. மறுபடியும் தப்பாவே அடுக்கி வைங்க."

அன்று எல்லா வகுப்புக்கும் தப்பாக அடுக்கினேன், ஒரு பிசகில்லாமல். எஸ்தருக்கு வேலை நிரந்தரமானது.

இப்போதும் வருஷா வருஷம் கண்காட்சியன்று காலையில் எஸ்தர் குரல் கொடுப்பாள்: "மாமா, வெள்ளைச் சட்டை போடுங்க. தப்பு பண்ணப் போவணும்."

வீடே சிரிக்கும். சிரிக்கட்டும். வாசலில் பள்ளிக்கூடத்து வண்டி எனக்காகக் காத்து நிற்கும். சரியாகச் செய்கிறவன் எவனுக்கு ஐயா வண்டி அனுப்புகிறார்கள்?